குதிரைத்திறன் இல்லாத பம்பு

கனரகத் தொழில் அமைச்சகத்தின் இயந்திர, மின்கருவிப் பாதுகாப்பு ஆணை 2024 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. ஓராண்டில் அமலாகியிருக்க வேண்டியதை 2026 செப்டம்பர் 1-க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்தச் சேதி வந்ததும் நம் தொழிலில் பலர் கோப்பைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். பரணிலிருந்து இறக்குங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

ஆணையின் பட்டியலில் சுங்கத் தலைப்பு 8413 இருக்கிறது: திரவங்களைக் கையாளும் எல்லா வகைப் பம்புகளும், திரவம் உயர்த்தும் கருவிகளும், அவற்றின் உதிரிகளும். தூத்துக்குடியில் 8413 என்றால் லேத் பட்டறைக்காரரைவிடக் கஸ்டம்ஸ் ஏஜென்டுக்குத்தான் முதலில் புரியும். இது துறைமுகத்தோடு நிற்கிற விவகாரமாக இருந்தால் நாமும் அவரிடம் விட்டுவிடலாம். ஆனால் ஆணை இறக்குமதிக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் சேர்த்தே பேசுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பத்தாம் திட்டத்தின்படி சான்று வேண்டும், அதற்குத் தொழில்நுட்பக் கோப்பு வேண்டும், கோப்புக்குள் ஐ.எஸ். 16819, அதாவது ஐ.எஸ்.ஓ. 12100, சொல்கிறபடி அபாய மதிப்பீடு வேண்டும்.

மோனோபிளாக், சப்மெர்சிபிள் செய்கிறவர்களுக்கு இது செலவுதான், குழப்பமில்லை. கோவையில் சோதனைக்கூடமும் ஆலோசகரும் உண்டு. காசு கொடுத்தால் கோப்பு தயாராகும். நம் இதழின் கவலை, விழுந்து ஓடும் நீரின் விசையாலேயே அந்த நீரில் ஒரு பகுதியை மேலே தூக்கும் ராம் பம்பைப் பற்றியது. 'எல்லா வகைப் பம்புகளும்' என்றால் அதுவும்தான். மோட்டார் இல்லை, எஞ்சின் இல்லை, ஒயர் இல்லை. ஐ.எஸ்.ஓ. 12100 இயந்திரத்துக்குச் சொல்லும் இலக்கணத்தில் ஓட்டும் அமைப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது பொருத்துவதற்கென்று இருக்க வேண்டும். ராமில் ஓட்டும் அமைப்பு எது? நீரை உள்ளே கொண்டுவரும் டிரைவ் பைப்பா, அதற்குள் வருகிற ஆறா? ஆறுதான் என்றால் அதற்குச் சான்று யார் வாங்குவது? நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை. கோப்பில் முதல் பக்கத்திலேயே இதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

ஆணையைப் புறக்கணிப்போம் என்று சொல்ல நான் வரவில்லை. ராம் ஆபத்தில்லாத பொம்மை என்று நம்மில் சிலர் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஜூகோவ்ஸ்கி கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜி.ஐ. பைப்பில் விநாடிக்கு 1.5 மீட்டர் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், அலைவேகம் 1,300 மீட்டர் என்று வைத்தால், உச்ச அழுத்தம் 20 பார் பக்கம் போகிறது. அதே வேகத்துக்குப் பிவிசியில் அலைவேகம் 400 என்றால் 6 பார்தான். அதனாலேயே பிவிசி டிரைவ் பைப்பில் ஏற்றம் குறைகிறது. குறைந்த அழுத்தம்தானே என்று போட்ட பைப், நிமிடத்துக்கு 50 அடி வீதம் இரவும் பகலும் வாங்கி, மூட்டில் சோர்ந்து விரிகிறது. டெலிவரி கேட் வால்வை மூடிவிட்டு ராமை அடிக்க விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றுத்துளை அடைத்துக்கொண்டால், அடியைத் தாங்கும் ஏர் வெசலில் காற்று கரைந்து தீர்ந்து தண்ணீர் நிரம்பிவிடும். அப்புறம் ஒவ்வொரு அடியும் மெத்தையின்றி வார்ப்பிலேயே விழும். விரிசல் விட்ட காஸ்டிங்கின் வாய் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே அபாய மதிப்பீடு எழுதத்தான் வேண்டும். ஆணை இல்லாவிட்டாலும் எழுதியிருக்க வேண்டும்.

எழுதிய பிறகு எந்த மேசையில் வைப்பது என்பதுதான் கேள்வி. ராமை நிறுவுவதற்கும் பராமரிப்பதற்கும் இந்தியத் தரநிலை 1980களிலேயே வந்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி, இன்ன விட்டத்துக்குக் கீழே டிரைவ் பைப் உள்ள மோட்டாரில்லாப் பம்புகளுக்குப் பத்தாம் திட்டம் வேண்டாம், உச்ச அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் நீரழுத்தச் சோதனை செய்து முத்திரை குத்தினால் போதும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. எதிர்ப்பினால் அல்ல, ராம் என்று ஒன்று இருப்பது பட்டியல் போட்டவர்களின் நினைவுக்கே வந்திருக்காது. எனக்கு நெடுநாளாக எரிச்சலூட்டுவது இதுதான்.

நம் நாட்டில் பம்பு சம்பந்தப்பட்ட அத்தனையும் குதிரைத்திறனில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். இணைப்பு விண்ணப்பம் கேட்பது எத்தனை குதிரைத்திறன். பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கு மானியம் 7.5 குதிரைத்திறன் வரை. கடன், நட்சத்திரக் குறியீடு, எதை எடுத்தாலும் முதல் கட்டத்தில் அதே எண். ராமுக்கு அந்த எண் இல்லை. அதன் திறனை வாட்டில் எழுதினால் சிரிப்பார்கள். 2 மீட்டர் வீழ்ச்சி, நிமிடத்துக்கு 60 லிட்டர் உள்ளே வருகிறது, 12 மீட்டர் மேலே தூக்க வேண்டும், டி'ஆபிசன் கணக்கில் 60 சதவீதத் திறன் என்றால், கிடைப்பது நிமிடத்துக்கு 6 லிட்டர். வெளிவரும் திறன் பன்னிரண்டு வாட். ஒரு எல்.இ.டி. பல்பு. ஆனால் அது 24 மணி நேரமும் ஓடும். நாளொன்றுக்கு 8,640 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு வைத்திருக்கும் 55 லிட்டர் அளவில் நூற்றைம்பது பேருக்கு மேல் தண்ணீர். பன்னிரண்டு வாட்டை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு விண்ணப்பத்தோடு நான் நின்றிருக்கிறேன். மோட்டார் திறன் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. முழுமையற்ற விண்ணப்பம் என்று திருப்பினார்கள். 'பூஜ்யம்' என்று திருத்திக் கொடுத்தோம். பூஜ்யத்துக்கு மானியமும் பூஜ்யம்தானே என்றார் எழுத்தர். அவர் மேல் கோபமில்லை. அவருக்குக் கொடுத்த தாள் அப்படி.

அரசுகளுக்கு இது முடியாத காரியமும் இல்லை. உத்தராகண்டில் சிறுபாசனத் துறையின் கணக்குகளில் கூல் (வாய்க்கால்), ஹௌஸ் (தொட்டி) ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே ராமுக்கு 'ஹைட்ரம்' என்று தனி வரிசை உண்டு. எத்தனை ஓடுகிறது, எத்தனை பழுதாகிக் கிடக்கிறது என்பது வேறு சண்டை. பெயர் இருந்தால்தான் சண்டையே போட முடியும். பிலிப்பைன்ஸில் எய்ட்ஃபி அமைப்பு, கதவுக் கீலையும் சாதாரண பைப் உதிரிகளையும் வைத்து உள்ளூரில் பழுதுபார்க்கக்கூடிய ராமைச் செய்து மலையூர்களில் நிறுவி 2007-இல் ஆஷ்டன் விருது வாங்கியது. நம் ஆணை அப்படியே அமலானால், அந்த மாதிரியைப் பார்த்து ஒரு வெல்டர் இங்கே செய்து விற்பது விதிமீறல். பிரெஞ்சுக்காரர் மோன்கோல்ஃபியே 1796-இல் தன் காகித ஆலைக்குத் தண்ணீர் ஏற்றச் செய்த இந்த ராம் இருநூறு ஆண்டு கழித்துச் சட்டவிரோதமாவது விசித்திரம்.

தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு ராமைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கடற்கரையில் வீழ்ச்சி கிடையாது. ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்குள்; முத்துச்சிப்பிக் குஞ்சகத்துக்கோ உப்பளப் பாத்திக்கோ கடல்நீர் ஏற்ற ராமால் ஆகாது. உப்பளத்துக்குக் காற்றாலைப் பம்புதான் சரி. அதுவும் மோட்டாரில்லாப் பம்பு, அதுவும் 8413 என்பதை உப்பளக்காரர்கள் கவனிக்கட்டும். ஆனால் இந்த மாவட்டம் கரையோடு முடிந்துவிடவில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டான மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் நம்முடையவை. மேலக்கால், கீழக்கால், வடகால், தென்கால் என்று பிரிகிற கால்வாய்களில் மதகு தோறும் சிறு சிறு இறக்கங்கள். இந்த நகரம் ஆற்று நீரை நம்பியே வளர்ந்தது. குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இறக்கத்தில் 50 மி.மீ. டிரைவ் பைப் ஒன்றைப் பதிக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 லிட்டர் எடுக்கிறாய் என்பார்கள். எடுப்பது 6, மீதி 54 லிட்டர் கழிவு வால்வு வழியாக அதே கால்வாயில், இரண்டு மீட்டர் கீழே, விழுந்துவிடுகிறது. கடந்து போகிற நீருக்கும் கொண்டு போகிற நீருக்கும் வித்தியாசம் வைக்காத கணக்கு இது. இதே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து நாளுக்கு 2 கோடி கேலன் என்று பெயரிலேயே எழுதிவைத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாய் போடத் தெரிந்தது. பெரிய பம்புக்குக் கோப்பு தானே நடக்கிறது. சின்னதைத்தான் கையைப் பிடித்து நடத்த வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தை ராமுக்குச் சாதகமாகச் சொல்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; ஸ்ரீவைகுண்டம் பக்கம் மின்சாரம் இல்லாமல் குடிநீர் மோட்டார்கள் நின்றன. ராம் இருந்திருந்தால் ஓடியிருக்கும் என்கிறார்கள். ஓடியிருக்காது. அணைக்கட்டின் மேலும் கீழும் நீர்மட்டம் ஒன்றானால் வீழ்ச்சி போச்சு, கழிவு வால்வு முழுகிவிடும். தண்ணீர் வடிந்து, மின்கம்பம் இன்னும் நிமிராத நாட்களில்தான் அதற்கு வேலை. அந்த நாட்கள் பல ஊர்களில் நீண்டன என்பது உண்மை. அவ்வளவு மட்டும் சொன்னால் போதும். கூட்டிச் சொன்னால் நம்மைத்தான் நம்பமாட்டார்கள்.

இந்த இதழின் நிலை: மோட்டாரும் எஞ்சினும் இல்லாத பம்புகளைப் பத்தாம் திட்டத்திலிருந்து விலக்கி, தனி நீரழுத்தச் சோதனைக்குக் கீழே கொண்டுவர வேண்டும். 2026 செப்டம்பருக்கு முன் திருத்தம் வராவிட்டால் ராம் செய்கிற பட்டறைகள் தாமாகக் கோப்பைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். கோப்பு இல்லாதவர் விலக்கு கேட்டால் தப்பிக்கப் பார்க்கிறார் என்பார்கள்; கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குசும் திட்டத்துக்கும் 2026 மார்ச் 31 வரை என்றுதான் காலம் வைத்திருந்தார்கள். அடுத்த கட்டத்துக்கான விதி எழுதும்போது, குதிரைத்திறனுக்குப் பதிலாக நாளொன்றுக்கு எத்தனை கன மீட்டர் எத்தனை மீட்டர் உயரத்துக்கு என்று அளந்து மானியம் கொடுங்கள் என்பதைத் தனி மனுவாக அனுப்புகிறோம்.

மனுவோடு இணைக்க அளவுகள் வேண்டும். உங்கள் ராம் எங்கே ஓடினாலும் சரி, ஓடாமல் நின்றாலும் சரி: வீழ்ச்சி, ஏற்றம், உள்ளே வரும் நீர், மேலே சேரும் நீர், நிமிடத்துக்கு எத்தனை அடி, டிரைவ் பைப்பின் விட்டம், நீளம், பொருள், ஏர் வெசலின் கொள்ளளவு, இதுவரை உடைந்த பாகங்கள். நீளத்தை விட்டத்தால் வகுத்து 150-க்குக் கீழோ 1,000-க்கு மேலோ வந்தால் மறைக்காமல் அதையும் எழுதுங்கள். மேலே சேரும் நீரை வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து அனுப்புங்கள்; கம்பெனி கேட்டலாக்கில் இருப்பதை எழுதி அனுப்பாதீர்கள்.