ரீல்ஸில் விற்கும் மனைகள்: சர்வே எண் எங்கே?

வீட்டுமனை வியாபாரத்தில் யாருக்கு என்ன வேலை என்பதில் முன்பெல்லாம் குழப்பம் இருந்ததில்லை. நிலத்தைப் பிரித்து விற்பவர் புரமோட்டர். ஆள் பிடித்துக் கொடுப்பவர் தரகர். சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டுபவர் வாங்குபவர். இன்று கைபேசிக்குள் இந்த மூவரும் ஒரே ஆளாகிவருகிறார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மனையை யூடியூபில் பார்த்து முன்பணம் கட்டும் இளைஞரிடம், ‘நண்பர் ஒருத்தரைச் சேர்த்துவிடுங்க, ஒரு கிராம் தங்கக் காசு’ என்கிறார்கள். கிரயப் பத்திரம் கைக்கு வருவதற்கு முன்பே அவர் விற்பனைப் பிரதிநிதி ஆகிவிடுகிறார். அடுத்த மாதமே ‘முதலீடே இல்லாமல் ரியல் எஸ்டேட்டில் சம்பாதிப்பது எப்படி?’ என்ற 99 ரூபாய் இணைய வகுப்பில் உட்கார்ந்து, மனையைக் கைமாற்றிவிடும் வித்தையையும் கற்கத் தொடங்குகிறார். முதலீடு, வணிகம், விளம்பரம் ஆகிய மூன்றும் வேறு வேறு தொழில்கள். அவற்றின் ஆபத்துகளும் வேறு. புதிதாக வருபவர் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பும் இடத்தில்தான்.

வழக்கமான ஒரு ரீல்ஸை எடுத்துக்கொள்வோம். ட்ரோன் மேலே எழும்புகிறது. புதுத் தார்ச்சாலை, வரிசையாகத் தென்னங்கன்றுகள், முகப்பில் ஒரு வளைவு. ‘ஜிஎஸ்டி ரோட்டுல இருந்து அஞ்சே நிமிஷம், டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா அப்ரூவ்டு, சதுர அடி 999-ல இருந்து, பத்திரப் பதிவு இலவசம், இன்னும் 3 மனைதான் பாக்கி’ என்று ஒரே மூச்சில் குரல் ஓடுகிறது. அந்த அரை நிமிடத்தில் எல்லாம் இருக்கிறது, சர்வே எண்ணைத் தவிர.

இதில் ‘பதிவு இலவசம்’ என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. மனையின் விலை 12 லட்சம், அரசின் வழிகாட்டி மதிப்பு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முழு விலைக்குப் பதிந்தால் செலவு 1,08,000 ரூபாய். வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பதிந்தால் 36,000. இலவசம் என்று சொல்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. மீதி 8 லட்சம் எந்தக் காகிதத்திலும் ஏறாது. மூன்றாண்டு கழித்து அந்த மனையை 15 லட்சத்துக்கு முறையாக விற்கும்போது, வருமான வரிக் கணக்கில் உங்கள் வாங்கிய விலை 4 லட்சம்தான். உண்மையான லாபம் 3 லட்சம். காகிதத்து லாபம் 11 லட்சம். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த நிலத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%. ஆக, 37,500 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 1,37,500 கட்டுவீர்கள். விற்றவர் மிச்சம் பிடித்ததை வாங்கியவர் பிறகு அரசுக்குக் கட்டுகிறார். தவிர, சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி விதிமீறல். ‘பாதி ஒயிட், பாதி பிளாக்’ என்று சர்வசாதாரணமாகப் பேசும் ஊரில் இதை யாரும் விளம்பரத்தில் சொல்லப்போவதில்லை.

‘ரெரா அப்ரூவ்டு’ என்பதும் பாதி உண்மைதான். 2016-ல் இயற்றப்பட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் (ரெரா) சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டமோ எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்ககமோ பதிவு செய்யப்படாமல் விளம்பரமே செய்யக் கூடாது. ஆனால், நிலத்தின் உரிமை மூலம் சுத்தமானது என்று ஒழுங்குமுறை ஆணையம் யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. புரமோட்டரின் ஆவணங்களையும் உறுதிமொழியையும் வாங்கிப் பொதுவெளியில் வைக்கிறது. அதை எடுத்துப் படிக்க வேண்டியவர் வாங்குபவர். அதே சட்டம் வாங்குபவர் கையில் இரண்டு நல்ல ஆயுதங்களையும் கொடுத்திருக்கிறது. விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் முன்பணம் வாங்க வேண்டுமானால், முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். விளம்பரத்தில் சொன்னது பொய்யென்றால், அதை நம்பிப் பணம் கட்டியவர் இழப்பீடு கேட்கலாம். திட்டத்தைவிட்டு விலகி, வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே, பிடித்த ரீல்ஸுக்கு லைக் போடுவதைவிட அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரே நாளில் மறைந்துபோகும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டாவது வேண்டும்.

பஞ்சாயத்து அப்ரூவ்டு என்று இன்னமும் சிலர் விற்கிறார்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. நகர் ஊரமைப்பு இயக்ககமோ (டிடிசிபி) சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ தர வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

‘அருகில்’ என்ற விற்பனை உத்தியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானப் பணி தொடங்கியது 2024-ல். மாணவர்கள் 2022 முதல் ராமநாதபுரத்தில் படித்துவந்தார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ‘எய்ம்ஸ் அருகில்’ என்ற பலகையும் காணொளியும் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022 ஆகஸ்டில் வந்ததும் இதே கதை காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் தொடங்கியது. அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் நிலம் தர மாட்டோம் என்று போராடிக்கொண்டிருந்த நாள்களிலேயே ‘ஏர்போர்ட் வியூ’ மனைகள் விற்பனைக்கு வந்தன. அரசுத் திட்டங்களின் கால அட்டவணையை நம்பிக் கடன் வாங்குபவர், மாதத் தவணையையும் அதே வேகத்தில் கட்டினால் போதும் என்று எந்த வங்கியும் சொல்வதில்லை.

சரி, எல்லாம் முறையாக இருக்கிறது. விலையும் ஏறும் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஏற வேண்டும்? 20 லட்சம் ரூபாய் மனைக்குப் பதிவுச் செலவு 1,80,000. தரகு, பத்திர எழுத்துக் கூலி, சில்லறைச் செலவுகளைச் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 22 லட்சம். இதே பணம் 7% வட்டியில் வங்கி வைப்பில் இருந்தால் ஐந்தாண்டில் 30 லட்சத்து 86 ஆயிரம். வரியை இரு பக்கமும் விட்டுவிட்டால், மனையின் விலை 54% ஏறினால்தான் அது வங்கி வைப்புக்குச் சமம். அதற்குப் பிறகுதான் லாபம் என்ற பேச்சே. நிலம் கைவிடாது என்று வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு கசக்கும். ஆனால், அந்தத் தலைமுறை வாங்கியது குடியிருக்கவோ பயிர் செய்யவோதான். வாடகையோ விளைச்சலோ ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது. வெறும் மனை எதையும் தருவதில்லை. முள் வேலி கட்டுவதும் கருவேலம் வெட்டுவதும்தான் வருடாந்திர வரும்படி.

விற்கும்போது இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. உங்கள் மனைக்குப் போட்டியாக நிற்பவர், உங்களுக்கு விற்ற அதே புரமோட்டர். பக்கத்திலேயே ‘ஃபேஸ் 2’ போட்டிருப்பார். புதுச் சாலை, தவணை வசதி, தங்கக் காசு எல்லாம் அங்கே உண்டு. உங்கள் ஒற்றை மனைக்கு ட்ரோன் பறக்கவிட ஆளில்லை. இணையச் சந்தையில் ஆயிரம் பேர் பார்ப்பது வேறு, ஒருவர் வாங்க வருவது வேறு என்பது அப்போதுதான் உறைக்கும்.

‘கைமாற்றிவிடும்’ வித்தைக்கு வருவோம். நில உரிமையாளரிடம் சிறு முன்பணம் கொடுத்து, மூன்று மாத கெடுவில் ஒப்பந்தம் போட்டு, கெடுவுக்குள் கூடுதல் விலைக்கு வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது. ‘அக்ரிமென்ட் போட்டு விடுறது’ என்று தரகர்கள் காலங்காலமாகச் செய்வதைத்தான் இணைய வகுப்புகள் இன்று ஆங்கிலப் பெயர் வைத்து விற்கின்றன. உள்ளூரில் நாலு பேரைத் தெரிந்த, சர்வே எண்ணைச் சொன்னால் தெருவைச் சொல்லும் ஆளுக்கு அது ஒரு தொழில். கோவையில் உட்கார்ந்துகொண்டு செங்கல்பட்டு நிலத்துக்கு வரைபடத்தைப் பார்த்து ஒப்பந்தம் போடும் புதியவருக்கு அது சூதாட்டம். கெடு முடிந்தால் முன்பணம் போனதுதான். போதாக்குறைக்கு, இந்த ஒப்பந்தங்கள் பல வெறும் முத்திரைத் தாளில் முடிந்துவிடுகின்றன. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பவர் பத்திரத்தை வைத்து மட்டுமே சொத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. வகுப்பு நடத்துபவரின் நிச்சயமான வருமானம் வகுப்புக் கட்டணம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சிறு தொகையோடு தொடங்குகிறவருக்கு ஓரளவு நேர்மையான வழி வேறு இருக்கிறது. அதற்கு ரீல்ஸ் குறைவு, கமிஷன் குறைவு. ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கான விதிகளைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014-ல் கொண்டுவந்தது. முதல் ரீட் 2019 ஏப்ரலில் பங்குச் சந்தையில் பட்டியலானது. வடபழனி விஜயா மாலுக்குப் போகாத சென்னைவாசி குறைவு. அதன் உரிமை 2023-ல் பட்டியலான நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் என்ற ரீட்டிடம் இருக்கிறது. ஓர் அலகு வாங்கினாலும் அந்த வாடகையில் உங்களுக்குத் துளி உண்டு. சொத்துகளில் 80% வாடகை ஈட்டும் கட்டடங்களாக இருக்க வேண்டும், பகிரத்தக்க வருவாயில் 90% கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. வேண்டாமென்றால் சந்தை நாளில் விற்றுவிடலாம். விலை இறங்காது என்று யாரும் சொல்ல முடியாது. அலுவலகங்கள் காலியானால், வட்டி விகிதம் ஏறினால் அலகின் விலை அடிவாங்கும். ‘கட்டடத்தில் ஒரு துண்டு உங்களுக்கு’ என்று இணையதளங்கள் விற்கும் கூட்டு உரிமைத் திட்டங்களை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றுக்கென்று செபி 2024 மார்ச்சில்தான் விதி வகுத்தது. குறைந்தபட்ச முதலீடே 10 லட்சம். செபியில் பதியாமல் நிலத்தைக் காட்டிப் பணம் திரட்டுவது எங்கே போய் முடியும் என்பதற்கு பிஏசிஎல் நிறுவனத்தின் கதை போதும்: விவசாய நிலத்தின் பெயரால் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் செபி 2014-ல் உத்தரவிட்டது, வருடங்கள் ஓடியும் அதைத் திரும்பப் பெறும் வேலை முடிந்தபாடில்லை.

மனையேதான் வேண்டும் என்பவர்களுக்கு, ரீல்ஸ் ஓடும் அதே கைபேசியில் இன்னொரு பக்கம் இருக்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கமும் வழிகாட்டி மதிப்பும் பார்க்கலாம். வருவாய்த் துறையின் தளத்தில் பட்டா, சிட்டா பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் திறவுகோல் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும். காணொளியின் கீழே ‘சர்வே எண் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘டிஎம் பண்ணுங்க சார்’ என்றுதான் பதில் வரும். அதன் பிறகும் எண் வராவிட்டால் அந்த மனையை மறந்துவிடலாம். வில்லங்கத்தில் வராத விஷயங்களும் உண்டு: பதியாத உயில், பங்கு கேட்கக்கூடிய வாரிசு, நிலுவையில் உள்ள வழக்கு. தாய்ப்பத்திரத்திலிருந்து படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சொந்தச் சொத்தை இணையத்தில் விற்பவரும் இந்த விவரங்களை நேரடியாகப் போட்டால் வெட்டிப் பேச்சு குறையும். பத்திரத்தின் நகலை மட்டும் பொதுவெளியில் ஏற்ற வேண்டாம். ஆள்மாறாட்டப் பதிவுக்கு அதுவே விதை.

இனி ஆணையம் செய்ய வேண்டியது. ரெரா சட்டத்தின் வரையறைப்படி, விற்பவரையும் வாங்குபவரையும் ‘எந்த ஊடகத்தின் வழியாக’ அறிமுகப்படுத்தினாலும் அவர் முகவர்தான். கூலி கமிஷனாக வந்தாலும் வேறு வகையில் வந்தாலும் அப்படியே. யூடியூபர்களைப் பற்றி யாரும் யோசிக்காத காலத்தில் எழுதப்பட்ட வரி, இன்று அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. நாங்கள் பத்திரிகைபோல விளம்பரம் மட்டுமே வெளியிடுகிறோம் என்று அவர்கள் வாதிடலாம். அதைத் தீர்க்க ஒரு கேள்வி போதும்: திரையில் ஓடும் கைபேசி எண் யாருடையது? புரமோட்டருடையது என்றால் விளம்பரம். காணொளி எடுத்தவருடையது என்றால் அவர் தரகர். பதிவு பெறாத முகவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்ற மனையின் விலையில் 5% வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் ஏற்கெனவே இடமிருக்கிறது. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், மனை விற்கும் ஒவ்வொரு காணொளியிலும் திட்டத்தின் பதிவு எண்ணோடு பேசுபவரின் முகவர் எண்ணும் திரையில் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, மீறும் முதல் பத்துப் பேர் மீதாவது நடவடிக்கை எடுக்க வேண்டும்.