களத்து மொழியும் காற்றில் வரும் மொழியும்

1962ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள், வேல்ஸ் நாட்டு எழுத்தாளர் சோண்டர்ஸ் லூயிஸ் தம் தாய்மொழியின் கதியைக் குறித்து வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். போகிற போக்கு மாறாதாயின், இருபத்தோராம் நூற்றாண்டு பிறக்குங் காலத்தில் வெல்ஷ் மொழி வாழும் மொழியாக இராது என்பது அவரது எச்சரிக்கை. அவ்வுரையால் உந்தப்பெற்றோர் அதே ஆண்டில் மொழிச் சங்கம் ஒன்றை நிறுவினர். அந்நாளில் வெல்ஷ் மொழி நிகழ்ச்சிகள் ஆங்கில அலைவரிசைகளின் இடுக்குகளில், அழையா விருந்தாளிபோல் ஒதுங்கிக் கிடந்தன. தனி அலைவரிசை தருவதாகச் சொல்லியிருந்த அரசாங்கம் சொல் பிறழ்ந்தபோது, குவின்வோர் எவன்ஸ் என்னுந் தலைவர் சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப் போவதாக 1980இல் அறிவித்தார். அரசாங்கம் இறங்கி வந்தது. 1982 நவம்பர் முதலாம் நாள் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி பிறந்தது.

இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் அதே 1982ஆம் ஆண்டிலேயே. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது எமது உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. வேல்ஸ் மக்கள் தம் குரலைத் தாமே கேட்க வழி செய்துகொண்டனர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழும் வன்னி மக்கள் தம் குரலை எங்கே கேட்கின்றனர்?

"தமிழ் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி, அதற்கும் வெல்ஷுக்கும் என்ன ஒப்புமை?" என்று அன்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. தமிழ் அழிந்துவிடும் என்று நாம் அஞ்சவில்லை. எமது கவலை வேறு. வெல்ஷ் மொழியை மூடி மறைத்தது ஆங்கிலம். வன்னித் தமிழை மூடி மறைப்பதோ தமிழேயாகும். சென்னையிலிருந்து வரும் தொடர்நாடகத் தமிழும், கொழும்புப் பண்பலை வானொலிகளின் கலப்புத் தமிழும் இன்று வன்னியின் வீடுதோறும் ஒலிக்கின்றன. அவற்றையே கேட்டு வளரும் பிள்ளை, தன் பாட்டியின் பேச்சைக் கேட்டு நகைக்கக் கற்றுக்கொள்கின்றது. அந்த நகைப்பிலேதான் இழப்புத் தொடங்குகின்றது.

இழக்கவிருப்பது யாது? 'பண்டிப் பள்ளு' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். பயிரை அழிக்கும் பன்றியை வன்னி உழவன் 'பண்டி' என்றான். அச்சொல்லைக் கொண்டே பாட்டுங் கட்டினான். குருவிப் பள்ளும், யானையைப் பிணித்த அரியாத்தையின் கதை கூறும் வேலப்பணிக்கன் ஒப்பாரியும், முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் இந்த மண்ணின் வாய்மொழியிலேயே வாழ்ந்தவை. வயலும் களமுமே அம்மொழியின் பள்ளிக்கூடங்கள். சூடு மிதிக்கும் இரவுகளில் மாடுகளோடு மனிதரும் விழித்திருந்தனர்; நெல்லைப் பொலியென்று போற்றினர்; விழித்திருப்பதற்குப் பாட்டு வேண்டியிருந்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து மூட்டையாக்கிவிடுகின்றது. உழவனின் உடல் நோவு குறைந்தது நன்றே. ஆயினும் இரவுக் களம் மறைந்ததும் அதற்குரிய பாட்டும் சொல்லும் மறையலாயின. 2009இல் முடிவுற்ற போரும் அதன் இடப்பெயர்வுகளும், பாடத் தெரிந்த முதியோர் பலரையும் ஏடுகளையும் ஒருங்கே கொண்டு சென்றன.

வழக்குமொழி அரங்கேறத் தகாதது என்று எவரும் கூறற்க. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' என்ற தொடர் யாழ்ப்பாணத்துப் பேச்சை வானொலியில் வாழவைத்தது. 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தில், மக்கள் மொழிக்கு இலக்கியத்தில் இடமுண்டா என்ற வழக்கு நிகழ்ந்தது. காலம் மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது. முல்லைமணி 'பண்டாரவன்னிய'னை நாடகமாக்கினார். பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வன்னி மண்ணை நாவலுக்குள் கொணர்ந்தது. ஏட்டில் இயன்றது ஒலியிலும் ஒளியிலும் இயலாதா? வேல்ஸில் ஒரு கற்பனைச் சிற்றூரின் அன்றாட வாழ்வைக் கூறும் தொடர் 1974இல் தொடங்கி அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அதன் மாந்தர் கடைக்குப் போகின்றனர், சண்டையிடுகின்றனர், காதலிக்கின்றனர். யாவும் தம் மொழியிலேயே.

ஓர் உண்மையை மறைத்தலாகாது. 1961இல் வேல்ஸ் மக்களில் நூற்றுக்கு 26 பேர் வெல்ஷ் பேசினர். 2021இல் அது 17.8 ஆகக் குறைந்தது. தொலைக்காட்சி தனித்து நின்று ஒரு மொழியைப் பெருக்கிவிடாது. வீடும் பள்ளியும் கைகொடுத்தல் வேண்டும். ஆயினும் லூயிஸ் அஞ்சிய சாவு நேரவில்லை. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இன்றும் அம்மொழியில் பேசுகின்றனர். தம் மொழி ஒலிபரப்புக்குரியது என்று கண்ட மக்களிடம் நாணம் அகன்றதையும் இதற்குரிய காரணங்களுள் ஒன்றாக நாம் கருதுகின்றோம்.

ஆகவே ஒலிபரப்பாளரிடம் நாம் வேண்டுவது இது: செய்திக்குச் செந்தமிழ் இருக்கட்டும், வாரத்தில் ஒரு மணி நேரமேனும், கேட்போர் விழித்திருக்கும் வேளையில், வன்னியின் கதையை வன்னியார் தம் பேச்சிலேயே சொல்ல இடந்தருக. 'பண்டி'யைப் 'பன்றி'யெனத் திருத்தற்க. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் வாய்மொழிப் பாடல்களுக்கு ஓர் ஒலிக்களஞ்சியம் அமைக்க முன்வருமாயின் அது பெருந்தொண்டாகும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று. குவின்வோர் எவன்ஸ் உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட கருவியின் ஒரு கூறு இன்று உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கின்றது. வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் ஒரு முதியவரிடஞ் சென்று, ஒரு பாட்டையேனும், பத்துச் சொற்களையேனும் பதிந்து வரட்டும். பாடியவர் பெயரும் ஊரும் நாளும் உடன் குறிக்கப்படட்டும். இப்பணியை அடுத்த தலைமுறைக்கு ஒத்திவைத்தல் இயலாது. அத்தலைமுறை வரும்போது பாடுதற்கு முதியோர் இரார்.