நாடியும் மூச்சும்

கார்த்திகை மாதத்தில் அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றும் நாட்களில், பனியும் பட்டாசுப் புகையும் கர்ப்பூரப் புகையும் திருவண்ணாமலை வீதிகளில் கலந்து நிற்கின்றன. பக்தர்களுக்கு அது ஆனந்தம். ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயுள்ள குழந்தைகளுக்கோ சோதனைக் காலம்.

அத்தகைய குழந்தையைச் சித்த வைத்தியரிடம் காட்டினால், நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டையும் பரீட்சிக்கிறார். சீன தேசத்து மரபு வைத்தியரும் பார்த்தல், கேட்டு முகர்தல், வினவுதல், தொடுதல் என்று 4 வகையில் ஆராய்கிறார். இவற்றைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தையை, மூச்சை அளக்கும் கருவியில் சரிவர ஊதச் செய்வது அரிது. ஆகவே ஆங்கில வைத்தியரும் பெரும்பாலும் தாயை வினவியும், மார்பின் ஒலியைக் கேட்டுமே நோயை நிர்ணயிக்கிறார்.

ஆனால் நாடிக்கும் எல்லை உண்டு. சுவாசக் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை மணிக்கட்டு அளந்து சொல்லாது. விலா உள்வாங்கி, உதடு நீலம் பாரித்து, பேச முடியாமல் குழந்தை திணறும்போது நாடி பார்த்துக்கொண்டிருப்பது தகாது. டாக்டர் கொடுத்துள்ள இன்ஹேலர் மருந்தை உடனே அளித்து, ஆஸ்பத்திரிக்கு விரைவதே பெற்றோர் கடமை.

முன்னோர் கலையைப் போற்றுவோம். அதற்காகக் குழந்தையின் மூச்சைப் பணயம் வைக்க வேண்டாம்.