அரிய குடும்பப்பெயர் உயர்ந்த பெயரா?

மாணவர்களே! இங்கிலாந்தில் ஸ்மித் என்ற குடும்பப்பெயர் தடுக்கி விழுந்த இடமெல்லாம் உண்டு. அட்டன்பரோ என்ற பெயரோ அரியது. பெயர் அரிதானால் குடும்பம் உயர்ந்தது, இரத்தம் கலப்பற்றது என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் இருக்கின்றனர். இவ்வெண்ணத்திற்கு அறிவியலில் இடமில்லை என்பதே என் கருத்து.

ஸ்மித் என்றால் கொல்லர். ஊர்தோறும் கொல்லர் இருந்ததால் இப்பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே தோன்றிற்று. அட்டன்பரோ, நாட்டிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூரிலிருந்து வந்த சிலருக்கு அதுவே குடும்பப்பெயராயிற்று. தொடக்கமே சிறிது.

அதற்குப் பின் நடந்ததை ஒரு பகடையால் நீங்களே செய்து பார்க்கலாம். பெயருக்கு ஒருவராக 100 பெயர்கள் இருப்பதாகக் கொள்க. ஒவ்வொருவருக்கும் ஒருமுறை பகடையை உருட்டுங்கள். 1, 2 விழுந்தால் அவருக்கு மகன் இல்லை. 3, 4 விழுந்தால் ஒரு மகன். 5, 6 விழுந்தால் இருவர். பெயர் மகன்வழியே மட்டும் செல்லும். முதல் தலைமுறையிலேயே சுமார் 33 பெயர்கள் மறையும், இரண்டாவதில் அது 48 ஆகும், மூன்றாவதில் 57. இத்தனைக்கும் சராசரியாக ஆளுக்கு ஒரு மகன் பிறந்துகொண்டுதான் இருக்கிறான்! மறைந்த பெயர் தாழ்ந்ததுமன்று, எஞ்சியது உயர்ந்ததுமன்று.

இக்கணக்கைக் கால்ட்டன் 1873-இல் எழுப்பினார். வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டார். யுரேனியத்தில் நியூட்ரான்கள் பெருகுமா, அணையுமா என்று கணிப்பதும் இதே கணக்கே. (இயற்பியல்காரன் இங்கு எப்படி நுழைந்தான் என்பது இப்போது விளங்குமே!)

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் 'ஒய்' குரோமோசோமும் குடும்பப்பெயரைப் போன்றதே. லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட அட்டன்பரோ ஆண்களில் 87 விழுக்காட்டினர் ஒரே வகை ஒய் குரோமோசோமைப் பெற்றிருந்தனர். ஸ்மித்களிடம் அத்தகைய ஒற்றுமை இல்லை. "பார்த்தீர்களா, கலப்பற்ற இரத்தம்!" என்று துள்ளவேண்டாம். ஒய் என்பது 46 குரோமோசோம்களில் ஒன்றே ஒன்று. மற்றவற்றில் பாட்டிமார், பூட்டிமார் அனைவருக்கும் பங்குண்டு.

அந்த ஒன்றாவது உள்ளூர்ச் சரக்குதானா? அதே பல்கலைக்கழகத்தார் 2007-இல் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வேறோர் அரிய குடும்பப்பெயரை ஆராய்ந்தனர். அப்பெயருடைய 18 ஆண்களில் 7 பேரிடம் இருந்த ஒய் குரோமோசோம், மேற்கு ஆப்பிரிக்காவில், அதுவும் அரிதாகக் காணப்படும் வகை. அவர்கள் தோற்றத்தில் ஆங்கிலேயரே. தம் வேர் ஆப்பிரிக்காவில் என்பதை அறியாதவர்கள். அந்தப் பெயரை ஆய்வாளர்கள் வெளியிடவில்லை.