ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மழை

எங்கள் வீட்டுப் புழக்கடையில், கிணற்றுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, மேஸ்திரி கோலப்பொடியால் ஒரு நீள்சதுரம் போட்டுவிட்டுப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. நீளம் எட்டடி, அகலம் ஏழடி. ஆழம் ஆறரை அடி என்பதை வாயால் சொன்னார். அவ்வளவுக்கும் குழி பறித்து, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, உட்புறம் கசிவு தடுக்கும் பூச்சுப் பூசி மூடிவிட்டால், மாடித் தளத்தில் விழுகிற மழையில் சற்றேறக்குறைய 10,000 லிட்டரைப் பத்திரப்படுத்தலாம் என்பதும், அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகும் என்பதும் அவருடைய அபிப்பிராயம்.

"கட்டறதுன்னா பெருசாவே கட்டிடுங்க சார். குழி ஒரு வாட்டிதானே தோண்டப் போறோம்?" என்றார்.

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் மகனோ பணம் அனுப்பச் சித்தமாக இருக்கிறான். 2019-ஆம் வருஷத்துக் கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்த அந்த ஜூலை மாதத்தை அனுபவித்தவன் அவன். பக்கெட்டோடு தெருவில் நின்றவனுக்கு 10,000 லிட்டர் என்ற சொல்லே ஒரு மந்திரம் மாதிரிதான் காதில் விழும், அவன்மேல் குற்றமில்லை.

என் சந்தேகத்துக்கு வேறு காரணம் உண்டு. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழகமெங்கும் கட்டாயமாக்கியபோது, இதே புழக்கடையில் ஒரு குழி வெட்டி, அடியில் கருங்கல் ஜல்லி, அதன்மேல் கூழாங்கல், அதற்கும் மேல் ஆற்று மணல் என்று சாஸ்திரோக்தமாக நிரப்பி, மாடியிலிருந்து பிளாஸ்டிக் குழாயையும் இறக்கி வைத்தேன். முதல் மூன்று மழைக்காலம் அது குடித்தது. பிறகு வண்டல் அடைத்து மணல் இறுகிப் போயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை மணலைக் கிளறி எடுத்துக் கழுவிப் போட வேண்டும் என்று தெரிந்திருந்தும் நான் செய்யவில்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு செம்பருத்திச் செடி அமோகமாய் வளர்ந்து நிற்கிறது. ஆகையால், தொட்டிக்கு விலை கேட்கும் ஒருவன் சிமெண்டின் விலையோடு தன் சோம்பலின் விலையையும் சேர்த்துக் கேட்பதே நியாயம்.

மழைக் கணக்கு என்னவோ சுலபமானது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் தளம் 600 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு அதில் 560 லிட்டர் விழும். தளம் குடிப்பது, தெறித்துச் சிதறுவது, காக்கை எச்சத்தோடும் வேப்பிலைச் சருகோடும் முதலில் கழித்துவிட வேண்டியது எல்லாம் போக 450 லிட்டர் கைக்கு வரும். காஞ்சிபுரத்துப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 110 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 50,000 லிட்டர் வருமானம். மேஸ்திரியின் தொட்டியை நிரப்புவதற்கு 22 சென்டிமீட்டர் போதும்; மழை பொய்த்த வருஷத்திலும் அவ்வளவு பெய்துவிடும். வரவு விஷயத்தில் மேஸ்திரி சொன்னதில் பிழையே இல்லை.

செலவுப் பக்கத்தைப் புரட்டினால்தான் மனம் சுருங்குகிறது. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது, இரண்டு பசுக்களுக்குக் காட்டுவது எல்லாம் சேர்ந்து எங்களுக்கு நாளொன்றுக்கு 300 லிட்டராவது வேண்டும். அந்தக் கணக்கில் 10,000 லிட்டர் 33 நாளில் தீர்ந்து போகும். தொட்டி நிரம்பி வழியும் ஐப்பசி, கார்த்திகையிலோ, கிணற்றில் குனிந்து சொம்பால் மொள்ளலாம் போலத் தண்ணீர் மேலே வந்து நிற்கும். அப்போது தொட்டியை யாரும் சீந்தப் போவதில்லை. கிணறு எங்களைக் கைவிட்டது என் நினைவில் ஒரே கோடையில், அதே 2019-இல். மோட்டார் காற்றை உறிஞ்சிக் கதறியது. இரண்டு டிராக்டர் டேங்கர் தண்ணீர் வாங்கினோம். இரண்டு டேங்கரைத் தவிர்க்க ஒன்றரை லட்சமா?

இந்த இடத்தில் வியவகாரம் முடிந்தது என்று நான் கணக்கு நோட்டை மூடப் போனபோதுதான், அதுவரை வாய் திறவாமல் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள்: "குளிக்கிற தண்ணிய விடுங்க. கேன் தண்ணிக் கணக்க எழுதுனீங்களா?"

எழுதவில்லை. எங்கள் கிணற்று நீர் கடினமானது. அதில் வேகவைத்த துவரம்பருப்பு விரலுக்கும் விரலுக்கும் நடுவில் கல்லாய் உருளும். வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு ஏடு படியும். அதனாலேயே குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் வாங்குகிறோம், இரண்டு நாளைக்கு ஒன்று, விலை 35 ரூபாய். வருஷத்துக்கு 180 கேன் என்றால் 6,300 ரூபாய். மழைக்காலத்தில் சில நாள் மட்டும் அவள் கேன்காரரை வரவேண்டாமென்று சொல்லிவிடுவாள். முதல் இரண்டு மழையைப் போகவிட்டு, மூன்றாவது மழைக்குத் தாழ்வாரத்து ஓட்டின் கீழே பித்தளை அண்டாவை வைத்து, அதன் வாயில் என் பழைய வேட்டியை நான்காய் மடித்துக் கட்டுவாள். நீர் சற்றுக் கலங்கலாகத் தெரிந்தால் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து ஊற்றிவைப்பாள். காலையில் அடியில் ஒரு மெல்லிய சேற்றுப் படலமும் மேலே ஸ்படிகம் போன்ற நீரும் நிற்கும். காய்ச்சித்தான் குடிக்கக் கொடுப்பாள். அந்தத் தண்ணீரில் பருப்பு கால் மணியில் மலர்ந்துவிடும்.

நோட்டை மறுபடி திறந்தேன். ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்றால், 2,000 லிட்டர் பிடிக்கும் சிறிய தொட்டி 200 நாளைக்கு வருகிறது. மார்கழித் தொடக்கத்தில் நிரம்பியிருந்தால் ஆனி வரை கவலையில்லை. அதை நிரப்ப நாலரை சென்டிமீட்டர் மழை, அதாவது ஒரே ஒரு நாள் அடைமழை போதும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, செங்கல் மேடை, குழாய், கொசு நுழையாத வலை எல்லாம் சேர்த்து மேஸ்திரியே 25,000 என்றார். நான்கு வருஷத்தில் கேன் பணத்தில் கழிந்துவிடும். பெரிய தொட்டி அதே கேன் பணத்தில் கழிய ஏறக்குறைய 24 வருஷம் பிடிக்கும். எழுபதைத் தொடப் போகிறவன் அவ்வளவு தூரத்துக்குத் திட்டம் போடுவது ஆபாசம் என்று எனக்குத் தோன்றிற்று.

பெர்முடா என்ற தீவில் நதி கிடையாது, ஏரி என்று சொல்லத்தக்கதும் கிடையாது; அங்கே வீடு கட்டுகிறவன் வெள்ளையடித்த கல் கூரையில் மழையைப் பிடித்து நிலத்தடித் தொட்டியில் சேர்ப்பது சட்டம். அவனுக்கு எந்த விலையும் அதிக விலையல்ல. நம் கதை அப்படியன்று. பக்கத்து உத்திரமேரூரில், 921-ஆம் வருஷத்துப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுப்படி, குடவோலையில் தேர்ந்தவர்களில் ஆறு பேரை ஏரி வாரியமாக வைத்து ஏரியைப் பராமரித்தார்கள். அங்குள்ள வைரமேக தடாகம் அதற்கும் முந்தைய பல்லவர் வெட்டியது. ஊருக்கு ஒரு தொட்டி என்பதே அவர்கள் ஏற்பாடு. (எங்கள் புள்ளலூருக்குச் சரித்திரத்தில் யுத்தத்தால்தான் பெயர். 1780-இல் ஹைதரும் திப்புவும் இங்கே கர்னல் பெய்லியின் படையை நிர்மூலமாக்கிய சேதி கேட்டதும், காஞ்சிபுரத்திலிருந்த மன்றோ துரை தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். குளத்தில் எதைப் போடலாம் என்ற விஷயத்தில் நாம் இன்று அவரையும் மிஞ்சியிருக்கிறோம்.) என் கிணற்றில் ஊறுவது என் கூரைத் தண்ணீர் மாத்திரமன்று, எங்கள் ஏரியில் நின்ற தண்ணீருந்தான். அந்த ஏரியின் வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கையில் புழக்கடையில் கான்கிரீட் பெட்டி கட்டுவது, பத்தாயம் காலியாக இருக்கும்போது அதற்குப் பூட்டு வாங்குவதை ஒக்கும்.

ஆகவே சிறிய தொட்டி என்று தீர்மானமாயிற்று. அது நிரம்பி வழிவது சல்லடை வழியாகக் கிணற்றில் இறங்கும். மேஸ்திரிக்குக் கொஞ்சம் மனஸ்தாபம்தான். "நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது சார்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, குழாயின் அடியில் ஒரு வால்வும் வைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார். மழை தொடங்கியதும் அதைத் திறந்து, தளத்து அழுக்கெல்லாம் போன பிறகு, பத்து நிமிஷம் கழித்து மூட வேண்டும்.

மழை இரவு இரண்டு மணிக்கு வந்தால் எழுந்து போய் மூடுவது யார் என்று கேட்டேன்.

"தொட்டி வேணும்னு சொன்னது உங்க புள்ளதானே? மெட்ராசிலேருந்து வரச் சொல்லுங்க," என்றாள் என் மனைவி.