நிலமும் அதன் புதிய சாவியும்

நிலத்தை உடையவராயிருப்பது ஒன்று. உடையவர் தாமே என்பதைப் பிறர்க்கு மெய்ப்பித்துக் காட்டுவது மற்றொன்று. இவ்வுண்மை நமது பாகூருக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ வேந்தன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூர் வித்யாஸ்தானத்திற்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டபோது, அதனைச் செப்பேடுகளில் பொறித்து, வளையத்தில் கோத்து, அரச முத்திரையிட்டுக் கொடுத்தனர். பிற்காலத்தில் காகிதப் பத்திரமும், கையொப்பமும், பெருவிரல் ரேகையும் அம்முத்திரையின் ஸ்தானத்தைப் பெற்றன. இப்பொழுது அந்த ஸ்தானத்திற்கு வந்திருப்பது கண்ணுக்குப் புலப்படாத மின்னணுச் சாவியாகும்.

இச்சாவி பல வகைப்படும். கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண் ஒரு வகை. பாங்கிக் கணக்கின் இரகசிய எண் மற்றொரு வகை. ஆதாரில் பதிவான விரல் ரேகையும் முகமும் கருவிழியும் வேறொரு வகை. சான்றிதழ்களில் உத்தியோகஸ்தர்கள் இடும் மின்னணுக் கையொப்பம் இன்னொரு வகை. இக்கையொப்பத்திற்கு ஜோடியாக இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று, கையொப்பமிடுபவரிடம் மாத்திரம் இரகசியமாயிருப்பது. மற்றது, கையொப்பம் மெய்யானதா என்று யாவரும் சோதித்தறியும் பொருட்டு வெளியிடப்படுவது. கையொப்பமிட்ட பின்னர்ப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினும் சோதனையில் அது வெளிப்பட்டுவிடும். 1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் விளக்கி வெளியிட்ட இரட்டைச் சாவித் தத்துவத்திலிருந்து வளர்ந்த இம்முறைக்கு, நமது தேசத்தில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சட்ட மதிப்பை அளித்தது. இரகசியச் சாவியை உடையவர் அதைத் தம் வசமே காத்துக்கொள்ளவேண்டும் என்றும், அது பிறர் வசமாயிற்றெனில் தாமதமின்றி அறிவித்துவிடவேண்டும் என்றும் அச்சட்டத்தின் 42-ஆவது பிரிவு விதிக்கிறது. எவ்வகைச் சாவியை வைத்திருக்கும் விவசாயியும் இவ்விதியையே தமக்கும் விதியாகக் கொள்ளுதல் நலம்.

இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. பட்டா விவரத்தை நில அளவைத் துறையின் ‘நிலமகள்’ இணையதளத்தில் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின்படி, தகுதியுள்ள நிலவுடைமைக் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக நேரே பாங்கிக் கணக்கில் சேர்கிறது. நடுவே கைநீட்டுவார் எவருமில்லை. ஆனால் பணம் பெறுபவர் உரியவர்தாம் என்று உறுதி செய்யும் இ-கே.ஒய்.சி. 2022-ல் கட்டாயமாக்கப்பட்டது. அதனை ஓ.டி.பி. மூலமாகவேனும், பொதுச்சேவை மையத்தில் விரல் ரேகை வைத்தேனும், 2023 முதல் முகத்தைக் காட்டியேனும் முடிக்கலாம்.

தொல்லை தொடங்குவது இவ்விடத்திலேதான். ஆதாருடன் இணைந்த தொலைபேசி எண் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் மகனுடையதாயிருந்தால், ஓ.டி.பி. அவனிடம் போய்விடும். நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. காலஞ்சென்ற தகப்பனார் பேரிலேயே பட்டா கிடந்தால், ஆதாரின் பெயரும் அதன் பெயரும் பொருந்துவதில்லை. இத்தொல்லைகளுக்கு அஞ்சி, தொலைபேசியையும் இரகசிய எண்ணையும் கடைக்காரரிடமோ தெரிந்த இளைஞரிடமோ ஒப்படைத்து, “நீயே பார்த்துக்கொள்” என்று சொல்லிவிடுவோர் பலர்.

“நம்பிக்கையான மனிதர்தாமே, என்ன கெடுதி வந்துவிடும்?” என்பார்கள். ஏரி மதகின் சாவியை எவ்வளவு நல்லவராயினும் வழிப்போக்கர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஆயக்கட்டுதாரர்கள் உறங்கப் போவார்களா? 2018-ல் தெலங்கானாவில், பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த விரல் ரேகைகளைக் கொண்டு ரப்பர் போன்ற அச்சுகள் செய்து, பிறர் பெயரால் சிம் கார்டுகளை இயங்கச் செய்ததாக ஒருவர் பிடிபட்டார். நிலத்திற்குக் காவலாக வைத்த கைநாட்டே கள்ளச்சாவிக்கு அச்சாயிற்று. இரகசிய எண் வெளிப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். பெருவிரலை மாற்றுவது எங்ஙனம்?

ஆயினும் பொறுப்பு முழுவதையும் விவசாயியின் தலையில் சுமத்துவது நியாயமன்று. சாவி வேறு, உரிமை வேறு. உரிமை பத்திரத்தாலும், வாரிசாலும், அனுபவத்தாலும் வருவது. சாவி அவ்வுரிமையின் கதவைத் திறக்கும் கருவி மாத்திரமே. கருவி பழுதானால் பழுதைத் தீர்க்கவேண்டுமேயன்றி, வீட்டுக்காரரை வீதியில் நிறுத்தலாகாது. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், அடையாளச் சோதனை பொருந்தாமை ஒன்றினாலேயே உரியவர்க்கு உதவி மறுக்கப்படலாகாது என்பதை வலியுறுத்தியது. ஆதலின் கிராம உத்தியோகஸ்தர்கள், “இயந்திரம் ஏற்கவில்லை” என்று சொல்லி ஒருவரைத் திருப்பியனுப்புவதைத் தம் வேலையின் முடிவாகக் கொள்ளாமல், ஆளை அறிந்து, ஏட்டைப் பார்த்து, மாற்று வழியைக் காட்டி, தடைக்குரிய காரணத்தையும் எழுத்தில் கொடுத்தனுப்பவேண்டும் என்பது எமது கருத்து.

விவசாயிகள் செய்யத்தக்கவை சிலவே. ஆதாருடன் தம் கையிலுள்ள தொலைபேசி எண்ணையே இணைக்க வேண்டும். ஓ.டி.பி.யை எவர் கேட்பினும் சொல்லலாகாது. பிறர் உதவியைப் பெறும்போதும் தாம் அருகிருந்து, விரல் வைக்குமுன் எதற்காகவென்று கேட்டறிந்து, சீட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும். ரேகை தேவைப்படாத காலத்தில், ஆதார் செயலியின் மூலம் அதைப் பூட்டி வைக்கவும் வசதியுண்டு. வாரிசுப் பட்டா மாற்றத்தை அடுத்த தலைமுறைக்கு ஒத்திப் போடலாகாது. பணம் களவு போயிற்றென்று தெரிந்த மாத்திரத்தில், 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்து, பாங்கிக்கும் அறிவிக்க வேண்டும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் விவசாயிகள் வித்தையும் மண்ணும் பார்த்து விதைப்பவர்கள். வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும் கண்டுகொள்பவர்கள். அதே விழிப்பைக் கண்ணுக்குத் தெரியாத இச்சாவியின் மீதும் வைப்பார்களாயின், இப்புதிய முறை அவர்களுக்கு ஊழியம் செய்யும்; வையாவிடில் அம்முறைக்கு அவர்கள் ஊழியம் செய்ய நேரிடும்.