பெரிய வாய், சின்ன மூச்சு

“கார்ப் பெருசாப் போடு தம்பி, பவர் தானா வரும்.” பழைய ஆர்எக்ஸ் 100-ஐ மண் ரேஸுக்கு மாற்றுகிற பட்டறைகளில் பத்து வருஷமாக இந்த வேதவாக்கைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கம்பெனி கொடுத்தது 20 மி.மீ. மிக்குனி கார்ப். அதைக் கழற்றிவிட்டு 28 மாட்டினால் வண்டி பறக்குமாம். பாவம், வண்டியை வடிவமைத்த ஜப்பான்காரர்களுக்கு இது தோன்றவே இல்லை.

முதல் சாட்சி: “யமஹா ஒய்இசட் 125-ல 38 இருக்கே!” இருக்கிறது. அதன் போர்ட்டையும் எக்ஸ்பான்ஷன் சேம்பரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், 38-ஐ நானே வாங்கித் தருகிறேன்.

அடுத்தது, “சத்தமே மாறுதுண்ணே.” மாறாதா பின்னே? 28 உட்கார இடமில்லையென்று ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்தாயிற்று. அதுவும் புழுதியில் ஓடுகிற வண்டிக்கு.

கணக்குக்கு வருவோம். 20 மி.மீ. துளையின் பரப்பு 314 சதுர மி.மீ., 28-க்கு 616. கிட்டத்தட்ட இரட்டிப்பு. இழுக்கிற என்ஜினோ அதே 98 சிசி. அதே காற்று இரண்டு மடங்கு அகலமான வழியில் போனால் வேகம் பாதி. வேகம் பாதியானால் ஜெட்டிலிருந்து பெட்ரோலைத் தூக்குகிற உறிஞ்சல் கால்வாசி. செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயை ஏன் கட்டைவிரலால் அழுத்துகிறோம்? 7500 ஆர்பிஎம்மில், நேர் ரோட்டில், இந்தக் குறை தெரியாமல் போகலாம். மண்ணில் யார் அப்படி ஓட்டுகிறார்கள்? வளைவில் தவழ்ந்து வந்து, 3000-த்தில் மேடேற வேண்டும்.

ஏரிக்கரை மேட்டில் பார்த்தேன். 28 மாட்டிய நண்பன் செகண்ட் கியரில் வந்து த்ராட்டிலை முழுசாகத் திருகினான். ‘ப்பூ...’ என்று வண்டி மூச்சுத் திணறியது. அரைக் கிளட்ச் பிடித்தான். திடீரென்று பவர் வந்து விழ, பின் சக்கரம் செம்மண்ணைத் தோண்டிக்கொண்டு பக்கவாட்டில் போனது. ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். என் 20 டுபுடுபுவென்று மேலே ஏறிவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைதான்.

“ஜெட் மாத்தினா சரியாயிடும்” என்பார்கள். எனக்கு இதுதான் ஆகவே ஆகாது. கீழ் ஆர்பிஎம்முக்கு ஜெட்டைப் பெரிதாக்கினால் மேலே பெட்ரோல் வழிகிறது. மேலே சரிசெய்யக் குறைத்தால் கீழே வறட்சி. ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடுகிற டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சீஸ். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நண்பன் வண்டிக்கு நான்கு ஜெட் மாற்றினோம். பிளக் காலையில் கரிக்கட்டை, மதியம் சுண்ணாம்பு. சரியான டீ கலர் கடைசிவரை வரவில்லை.

22, 24 என்றால் உட்கார்ந்து பேசலாம். அதற்கு முன் பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதிப் பாருங்கள் என்றால் பட்டறையில் சிரிக்கிறார்கள். காசு ஆகாத வைத்தியத்துக்கு ஏது மரியாதை?

சாயங்காலம் நண்பன் தன் பழைய 20-ஐக் கேட்டுப் பட்டறைக்குப் போனான். எக்ஸ்சேஞ்சில் எடுத்தவர் அதை மறுநாளே விற்றுவிட்டாராம். ஒரிஜினல் மிக்குனிக்கு நல்ல கிராக்கி, தம்பி.